போணி விலை

எனக்குக் கைராசி உண்டு என்று திருத்தணிக் கடைத்தெரு முழுவதும் நம்பியது. நான் நம்பவில்லை. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன்; கைராசியாவது, கால்ராசியாவது. ஆனால் பிடித்திருந்தது, அதை மறைப்பானேன். ஊரில் ஒருவரும் கண்டுகொள்ளாத சர்க்கார் வேலை பார்ப்பவனுக்கு, தன் முகத்தைப் பார்த்ததும் ஒரு கடைக்காரர் எழுந்து நிற்பதென்றால் சும்மாவா?

என் வேலை விலை கேட்பது. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை மளிகை, எண்ணெய், காய்கறி, விறகு, துணி என்று குறித்துக் கொடுத்த கடைகளுக்குப் போய், முப்பத்திரண்டு சாமான்களின் விலையைப் படிவத்தில் எழுதிச் சென்னைக்கு அனுப்ப வேண்டும். இப்படி எத்தனையோ ஊர்களிலிருந்து படிவங்கள் போகும். அங்கே அதையெல்லாம் கூட்டி, பெருக்கி, ஒவ்வொரு ஊருக்கும் விலைவாசி எண் ஒன்று போடுவார்கள். ஆந்திர எல்லை தாண்டினால் நகரியில் ஒரு விலை, இங்கே ஒரு விலை, அரக்கோணத்தில் வேறு விலை. ரயிலில் அரை மணி நேரம் போனால் அரிசிக்கு இன்னொரு விலை இருக்கிறது என்பது, அந்த ரயிலில் இடுப்பில் அரிசிப் பையைக் கட்டிக்கொண்டு போலீசுக்குப் பயந்து வரும் பெண்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

நான் ஒழுங்கான ஆள். ஏழரைக்கெல்லாம் கடைத்தெருவில் இருப்பேன். முதல் கடை பஞ்சாட்சரத்தின் மளிகை. கடை திறந்து, தண்ணீர் தெளித்து, சாம்பிராணிப் புகை அடங்குவதற்குள் நான் போய் நிற்பேன். விலையை மட்டும் கேட்டுவிட்டு வெறுங்கையோடு போனால் நன்றாயிராது என்று அரைக் கிலோ அரிசியோ கால் கிலோ பருப்போ வாங்குவேன். அந்தக் காசை அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டு கல்லாவில் போடுவார். இரண்டு வருஷத்துக்கு முன் ஒருமுறை நான் போணி பண்ணிய அன்று அவருக்கு ஒரு சத்திரத்து ஆர்டர் வந்துவிட்டது. அதிலிருந்துதான் இந்தக் கைராசிக் கதை. எண்ணெய்க் கடைக்காரரும், காய்கறிக்காரரும், விறகுத் தொட்டிக்காரரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். முதல் வெள்ளியன்று என் கையால்தான் போணி என்று வேறு ஆள் வந்தால்கூடக் காக்க வைப்பார்களாம்.

என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளிப் பரந்தாமன் இருந்தார். பவர்லூமில் இரண்டு தறி ஓட்டுகிறவர். அவரைப் போன்றவர்களுக்கும் தறி முதலாளிகளுக்கும் எழுபத்து மூன்று ஜனவரியில் ஓர் ஒப்பந்தம் ஆகியிருந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊர் விலை எண்ணைப் பார்ப்பது. பத்துப் புள்ளி ஏறியிருந்தால் மீட்டருக்கு ஒரு பைசா கூலி ஏற்றுவது. ஒன்பதோ எட்டோ என்றால் ஒன்றும் கிடையாது. முதல் ஆறு மாதம் ஒன்பது வந்தது. அடுத்த ஆறு மாதம் எட்டு. இப்போது மூன்றாவது தடவை, எழுபத்து நாலு ஜூன்.

மே மாதக் கடைசியில் பரந்தாமன் வீட்டுக்கு வந்தார்.

"எவ்ளோ சார் ஏறிக்கீது இதுவரைக்கும்?"

"மே வரைக்கும் ஆறு புள்ளிங்க. ஜூன் ஒண்ணுதான் பாக்கி."

"ஜூன்ல நாலு ஏறுமா?"

"நான் எழுதுறவன்தானே. ஏத்தறவன் இல்லையே."

அவர் சிரிக்கவில்லை. "மீட்டருக்கு ஒரு பைசான்னா எனக்கு மாசம் பதினஞ்சு ரூபா சார். என் பொண்ணு பத்மா எட்டாவது பாஸாயிட்டா. பதினஞ்சு ரூபா வந்தா ஒம்பதாவது போவா. வரலைன்னா தறிக்கூடத்துல நூல் தார் சுத்தப் போவா. அதுக்கும் பதினஞ்சு ரூபாதான் குடுக்கிறான். ஜூன் கணக்கு வர்ற வரைக்கும் பள்ளிக்கூடத்துல போய் உக்காரட்டும்னு வெச்சிகினு இருக்கேன்."

அவர் போனபின் என் மனைவி தேவசுந்தரி உள்ளேயிருந்து வந்தாள். "ஆறு புள்ளியாம் ஆறு புள்ளி. கடைக்குப் போறவளைக் கேட்டா அறுபதுன்னு சொல்லுவா" என்றாள்.

இது எங்கள் வீட்டில் பழைய சண்டை. நான் எழுதும் விலைக்கு அவளுக்கு எதுவும் கிடைப்பதில்லை. நீ வாங்கத் தெரியாதவள், கடைக்காரன் சொன்னதைக் கொடுத்துவிட்டு வருகிறாய் என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அரசாங்கப் படிவம் என் பக்கம் இருந்தது.

ஜூன் முதல் வெள்ளி, மைத்துனனை ரயிலேற்ற ஸ்டேஷனுக்குப் போனேன். வண்டி இரண்டரை மணி நேரம் தாமதம். நான் கடைத்தெருவுக்கு வரும்போது பத்தரை. பஞ்சாட்சரம் கடையில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். பின்னால் நின்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"அரிசி ரெண்டு அறுவது. பருப்பு மூணு நாப்பது. ஆங், அதே பருப்புதான்மா."

மே மாதம் அதே அரிசியை இரண்டு இருபத்தைந்து என்று எழுதியிருந்தேன். கூட்டம் கரையட்டும் என்று நின்று, பிறகு முன்னால் போனேன். அவர் முகம் வாடிப்போயிற்று.

"இன்னா சார், இவ்ளோ லேட்டு? எட்டரை வரைக்கும் பார்த்துகினு இருந்தேன். யாரோ தீப்பெட்டி வாங்கிப் போணி பண்ணிட்டான். இன்னிக்கு யாவாரம் அவ்ளோதான்."

"அரிசி என்ன விலைங்க?"

"உங்களுக்கா, ஊருக்கா சார்?"

நான் படிவத்தை மூடிவிட்டேன். "ரெண்டும் வேறயா?" என்று கேட்டேன்.

அவர் மறைக்கவே இல்லை. மறைக்க வேண்டிய விஷயமாக அவருக்கு அது தோன்றவே இல்லை. "போணிக்கு வர்ற ஆளு வெலையைக் கேட்டு முகம் சுளிச்சிட்டா அந்த நாளே படுத்துடும் சார். மொதல்ல கிலோவுக்கு ரெண்டு பைசா கொறச்சிச் சொன்னேன். அப்புறம் வெல ஏறிகினே போச்சு. ராசியான கை, உங்ககிட்ட ஏத்திச் சொல்ல வாய் வரல. நீங்க வாங்கறது அரைக் கிலோ. எனக்கு இன்னா நஷ்டம்?"

எண்ணெய்க் கடையிலும் அதே கதை. காய்கறியிலும் விறகிலும் அதேதான். ஊர் விலை ஒரு வேகத்தில் ஏறிக்கொண்டிருந்தது. எனக்கென்று சொல்லப்பட்ட விலை மட்டும் மரியாதையாக நொண்டி நொண்டிப் பின்னால் வந்துகொண்டிருந்தது. அதைத்தான் திருத்தணியின் விலை என்று இரண்டு வருஷமாகச் சென்னைக்கு அனுப்பியிருக்கிறேன். அவர்கள் என்னை ஏமாற்றியிருந்தால் கோபப்பட்டிருக்கலாம். அன்பாக இருந்தார்கள்.

அன்று முழுவதும் நின்று, மற்றவர்களுக்குச் சொன்ன விலையைக் கேட்டுக் கேட்டு முப்பத்திரண்டையும் எழுதினேன். வீட்டுக்கு வந்து தேவசுந்தரியிடம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"ரெண்டு வருஷம் என்னை வாங்கத் தெரியாதவள்னு சொன்னீங்க இல்லீங்களா" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

படிவத்தை அனுப்பினேன். பத்தாவது நாள் மெமோ வந்தது. மாதம் ஒன்றோ இரண்டோ ஏறுகிற ஊரில் ஒரே மாதத்தில் பதினான்கு புள்ளி ஏறியது எப்படி? நேரில் வந்து சரிபார்க்கும் வரை எண் நிறுத்திவைக்கப்படுகிறது. நானோ நாலு வருஷமாகத் தற்காலிகம். நிரந்தரமாக்கும் காகிதம் அதே ஆபீசில், அதே மேஜையில் கிடந்தது.

சரிபார்க்க வந்தவர் பெயர் ராஜமாணிக்கம். மெலிந்த, வயிற்றுக்கோளாறு உள்ளவர் போன்ற முகம். ஏழு மணி வண்டியில் இறங்கினார். பத்து மணி வண்டிக்குத் திரும்ப வேண்டுமாம்.

"பத்து மணிக்கு மேல பார்த்தா நல்லதுங்க சார்" என்றேன்.

"நீ எப்பவும் கேக்கற நேரத்துலதான் நானும் கேக்கணும். நீ பேசாம வா."

பஞ்சாட்சரத்துக்கு என்னைப் பார்த்ததும் அப்படி ஒரு சந்தோஷம். வெள்ளியும் இல்லை, ஒன்றும் இல்லை, நானே தேடி வந்திருக்கிறேன். ராஜமாணிக்கம் அரிசி விலை கேட்டார். பஞ்சாட்சரம் என்னைப் பார்த்துக்கொண்டே, "ரெண்டு இருவத்தஞ்சு சார்" என்றார். பருப்பு, உளுந்து, மிளகாய், எல்லாம் மே மாத விலை.

ராஜமாணிக்கம் எழுதிக்கொண்டு என்னைத் தனியே அழைத்தார். அவர் கெட்டவர் இல்லை, அதுதான் சங்கடம். "தம்பி, ரெண்டு அறுபதுன்னு நீ எழுதினது தப்புன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடு. கூட்டத்துல சரியாக் காதுல விழலைன்னு போடு. நான் முடிச்சுடறேன். உன் காகிதமும் அடுத்த மாசம் நகர்ந்துடும்."

ஒரு வரிதான். பேனாகூட என் சட்டைப் பையில் இருந்தது. எழுதியிருந்தால் எல்லாருக்கும் நிம்மதி. பத்மா மட்டும் தார் சுற்றப் போயிருப்பாள். எழுதலாமா என்று நான் யோசிக்கவே இல்லை என்று சொன்னால் பொய். யோசித்தேன்.

"அஞ்சு நிமிஷம் நில்லுங்க சார்" என்றேன். "வாங்கறவங்க யாராவது வரட்டும்."

அதுவரை கடை வாசலில் கூடையை இறக்கிப் பூச்சரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்த பூக்காரி பூவம்மாள் எழுந்து வந்தாள். மலைக்குப் போகிற வழியில் உட்கார்ந்து விற்பவள். "அரைக் கிலோ அரிசி போடுண்ணே" என்றாள்.

"ஒண்ணு முப்பது" என்றார் பஞ்சாட்சரம்.

"இன்னாண்ணே, இப்பத்தானே இவங்களுக்கு ரெண்டு இருவத்தஞ்சுன்னு சொன்னே. என் காதுல உழுந்துதே."

"அது அவருக்கு. இது வெல" என்றார் பஞ்சாட்சரம், சாதாரணமாக.

பூவம்மாள் முனகிக்கொண்டே சில்லறையை எண்ணி வைத்தாள். ராஜமாணிக்கம் தன் படிவத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு எழுதியதை அடித்தார். அவர் பத்து மணி வண்டியை விட்டுவிட்டார். மத்தியானம்வரை கடை கடையாக ஓரத்தில் நின்று கேட்டோம். நான் எழுதி அனுப்பிய முப்பத்திரண்டில் முப்பத்தொன்று சரியாக இருந்தது. ஒன்று, விறகு, நானே ஐந்து பைசா குறைத்து எழுதியிருந்தேன்.

ஸ்டேஷனில் காப்பி குடிக்கும்போது அவர் கேட்டார். "எப்பலேந்து காலையில கேட்டுக்கிட்டிருக்கே?"

"வேலைக்குச் சேர்ந்ததிலேந்துங்க."

அவர் டம்ளரை வைத்தார். "ஜூன் மாசத்துக்கு நான் கையெழுத்துப் போடறேன். பழைய எண்ணெல்லாம் அச்சாகி வெளியே போயாச்சு, அதை இனிமே யாரும் திருத்தப் போறதில்ல. உன்னை யாரும் கேக்கவும் போறதில்ல. நீயா வாயைத் திறக்காதே, புரியுதா?"

புரிந்தது. ஜூலையில் எண் வெளியானது. ஆறு மாதத்தில் இருபது புள்ளி. முதலாளிகள் முகம் சுருங்கிற்று. ஆனாலும் ஒப்பந்தப்படி ஒரு பைசா ஏற்றினார்கள். பத்மா ஒன்பதாம் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எங்கள் வீட்டைத் தாண்டிப் போவதைத் தினமும் ஜன்னல் வழியே பார்த்தேன். என் வாழ்க்கையில் உருப்படியாக ஒன்று செய்துவிட்ட நினைப்பு. என்னை நானே கொஞ்சம் மெச்சிக்கொண்டிருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

கடைத்தெருவில் இந்தக் கதை பரவாமல் இருக்குமா? பஞ்சாட்சரமே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு ஞாயிறு சாயங்காலம் பரந்தாமன் வந்தார். தேவசுந்தரி டீ கொடுத்தாள். பத்மாவின் படிப்பைப் பற்றிப் பேசினார், தறியைப் பற்றிப் பேசினார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"சார், போன வருஷம் மொதல்ல ஒம்பதுன்னு வந்துது. அப்புறம் டிசம்பர்ல எட்டு. அதெல்லாங்கூட போணி வெலைதானா?"

ராஜமாணிக்கம் சொன்னது நினைவில் இருந்தது. உள்ளே பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றுவிட்டது.

"ஆமாங்க" என்றேன்.

"நெசமான வெல எழுதியிருந்தா பத்து வந்திருக்குமா?"

"வந்திருக்கும். ரெண்டு தடவையும் வந்திருக்கும்."

அவர் டீயைக் குடித்து முடித்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். கோபப்படட்டும் என்றும் இருந்தது. டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, அதன் விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"டிசம்பர்ல எட்டுன்னு வந்தப்பத்தான் சார் பெரியவளை நிறுத்தினேன். வரலட்சுமியை. பத்தாவது படிச்சிகினு இருந்தா. பரீட்சைக்கு மூணு மாசம் இருந்துது."

எனக்குப் பெரியவள் ஒருத்தி இருப்பதே மறந்துபோயிருந்தது. தறிக்கூடத்திலிருந்து தலையில் பஞ்சுத் தூசியோடு திரும்பும் பெண்களில் அவள் ஒருத்தி. என் ஜன்னலைத் தாண்டித்தான் அவளும் தினமும் போய்வந்திருக்கிறாள். மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அது போணி விலையைவிட மலிவாக எனக்கே பட்டது.

பரந்தாமன் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "வயசுப் பொண்ணை எத்தினி நாளைக்குத் தறிக்கூடத்துக்கு அனுப்பிகினு இருக்க முடியும் சார். ஆவணியில அவளுக்குக் கல்யாணம் வெச்சிருக்கேன். மாப்ள நகரி. என் அக்கா புள்ளதான். பத்திரிகை அடிச்சதும் கொண்ணாந்து தரேன், ரெண்டு பேரும் அவசியம் வரணும்."

"வர்றோம்" என்றேன்.

அவர் போய்ச் சற்று நேரம் கழித்து தேவசுந்தரி கை ஈரத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அந்தப் பொண்ணுக்கு எவ்வளவுங்க செய்யலாம்?" என்று கேட்டாள்.

முப்பத்திரண்டு சாமானுக்கும் விலை சொல்லத் தெரிந்த எனக்கு அதற்கு ஒரு தொகை சொல்லத் தெரியவில்லை.