வரவேற்புச் சரம்

விடியற்காலை ஐந்தரைக்கே தீக்காய வார்டு நர்ஸ் ஹெப்சிபாவின் முழங்கை வரை தேங்காய் எண்ணெய். வெந்து ஆறிய தோல், வெயிலில் கிடந்த செருப்பைப் போலச் சுருங்கும். ஒரு நாள் நீவாமல் விட்டால் விரல்கள் உள்ளங்கைக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். அய்யம்மாளின் வலக்கையை மடியில் வைத்து விரல் விரலாகப் பிரித்து இழுத்தாள்.

"மெல்ல, சிஸ்டரு. உங்க ஏசப்பா பாத்துக்கிட்டிருக்காரு."

"அவருதான் இழுக்கச் சொன்னாரு. கைய விடுங்கக்கா."

ஐந்து மாதத்துக்கு முன் சாத்தூர்ப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் அறை வெடித்தபோது உள்ளே ஐந்து பெண்கள். வெளியே வந்தது அய்யம்மாள் மட்டும். மற்ற நால்வரும் இறந்துவிட்டதாக அரசாங்கம் சொல்கிறது. அய்யம்மாள் அப்படிச் சொல்வதில்லை. கட்டிலின் ஓரத்தில்தான் படுப்பாள். "செல்லத்தாய்க்கு எடம் வேணும்ல" என்பாள், அந்த நால்வரில் ஒருத்தியைச் சொல்லி, சாதாரணமாக. ஹெப்சிபாவும் அந்தப் பக்கம் உட்காருவதில்லை. உட்கார்ந்தால் வெடிமருந்து வாடை அடிப்பதாக அவளுக்கே தோன்ற ஆரம்பித்திருந்தது.

போன மாதம் தெருவில் கல்யாண ஊர்வலத்தில் யாரோ ஒரே ஒரு வெடி போட்டார்கள். அய்யம்மாள் கட்டிலுக்கடியில் போய்ச் சுருண்டதில் முழங்காலில் ஒட்டியிருந்த தோல் பிய்ந்து, மூன்று வார வேலை ஒரு நொடியில் போயிற்று. நேற்றுத்தான் மறுபடி எட்டு அடி நடந்தாள்.

இன்று பத்து மணிக்கு வார்டுக்குத் திறப்பு விழா. எட்டு மாதமாக நோயாளிகள் கிடக்கும் வார்டுதான். கல்வெட்டு இப்போதுதான் வந்தது. பிளாஸ்டிக் உறையோடு ஆறு சக்கர நாற்காலிகள். விழா முடியும்வரை யாரும் உட்காரக் கூடாது என்று உத்தரவு. நடக்க முடியாதவர்கள் அவற்றைச் சுற்றி நடந்து போனார்கள்.

ஏழு மணிக்கு அட்டெண்டர் சீனிச்சாமி வாசலில் சரம் விரித்துக்கொண்டிருந்தார். வார்டுப் படியிலிருந்து கேட் வரை சிவப்பாக, பத்தாயிரம் வெடி. ஹெப்சிபா நிர்வாகி சாம்சுந்தரின் முன் போய் நின்றாள்.

"சார், தீக்காய வார்டு வாசல்ல வெடியா?"

"நம்ம ஊரு வழக்கம், சிஸ்டர். வெடி இல்லாம யாரு காது குத்துறா?"

"இங்க பாதிப் பேருக்குக் காதே இல்லயே சார்."

"சேர்மன் ஐயா கம்பெனிச் சரக்கு. ஐயாவே குடுத்துவிட்டது."

அந்தக் கம்பெனியின் பெயர் ஹெப்சிபாவுக்குத் தெரியும். அய்யம்மாளையும் சேர்த்து, வெவ்வேறு விபத்தில் வந்த ஏழு நோயாளிகளின் அட்டையில் அவளே எழுதியது. கம்பெனியும் ஐயாவுடையது, ஆஸ்பத்திரியும் ஐயாவுடையது. அனுப்புகிறவரும் அவரே, வாங்கிக்கொள்கிறவரும் அவரே.

"பஞ்சுக்கு ஏற்பாடு பண்ணியாச்சு. தலைக்கு ரெண்டு" என்று சாம்சுந்தர் நிகழ்ச்சி நிரலைக் காட்டினார். அதில் உண்மையிலேயே 'பஞ்சு' என்று ஒரு வரி இருந்தது. "அய்யம்மாளைக் கொஞ்சம் சிரிக்கப் பழக்குங்க. போட்டோவுல குணமானவுக ஒருத்தராவது வேணும்ல."

"அந்தச் சத்தம் கேட்டா அவுக மறுபடி நடக்க மாட்டாக."

"உங்க ஒப்பந்தம் அடுத்த மாசம் முடியுதுல்ல?" என்றார் அவர், நலம் விசாரிக்கும் குரலில்.

ஒன்பதரைக்கு, அய்யம்மாளையாவது பின்கட்டுக்குக் கொண்டுபோய்விடலாம் என்று ஹெப்சிபா கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு கிளம்பினாள். மற்ற பதினோரு பேரை என்ன செய்வதென்று தெரியவில்லை. வழியோ வாசல் வழியாகத்தான்.

சரத்தைக் கண்டதும் அய்யம்மாள் நின்றாள். உற்றுப் பார்த்தாள்.

"இது செல்லத்தாய் பின்னல்."

"என்னக்கா?"

"அவ எடதுகைக்காரி. பின்னல் எதுத்தாப்புல திரும்பும். மேஸ்திரி தெனம் ஏசுவாரு. வெடிச்ச அன்னைக்குக் காலையிலதான் முடிச்சு லோடுக்குப் போட்டா."

சீனிச்சாமி, புகையும் ஊதுபத்தியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"எனக்கு இங்கன உக்காரணும், சிஸ்டரு."

ஹெப்சிபா உள்ளே போனாள். பிளாஸ்டிக் கிழியும் சத்தம் கேட்டது. புது நாற்காலியை உருட்டி வந்து சரத்தின் மேலேயே நிறுத்தி, பிரேக் போட்டு, அய்யம்மாளை உட்கார வைத்தாள். பக்கத்தில் தானும் தரையில், சரத்தின் மேலேயே உட்கார்ந்தாள். கோலம் போட்டுக்கொண்டிருந்த சின்ன நர்ஸ் ஜெயசீலி எழுந்து வந்து அடுத்து உட்கார்ந்தாள். மற்ற ஐந்து நாற்காலிகளும் வந்தன, ஆளோடு.

சாம்சுந்தர் ஓடி வந்தார். "எந்திரிங்க. ஐயா வண்டி பைபாஸ் தாண்டிருச்சு."

"வரட்டும் சார். வாங்கன்னுதான் சொல்லப் போறோம். வாயால" என்றாள் ஹெப்சிபா.

"ஒவ்வொருத்தர் பேரையும் எழுதி மெமோ குடுப்பேன்."

"எழுதுங்க சார்" என்றாள் ஜெயசீலி. "வரிசையாத்தான உக்காந்திருக்கோம், சுளுவா இருக்கும்."

அவர் சீனிச்சாமியைப் பார்த்தார். சீனிச்சாமி ஊதுபத்தியைத் தரையில் தேய்த்து அணைத்தார்.

"தள்ளுங்கத்தா" என்று ஜெயசீலிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார்.

கேட்டுக்கு வெளியே ஹாரன் கேட்டது. பிறகு நீளமாக. அய்யம்மாள் நடுங்கினாள், எழவில்லை. சரம் இன்னும் பாதித் தூரத்துக்கு மேலே ஆள் உட்காராமல் வெறுமையாகக் கிடந்தது. சமையற்கட்டிலிருந்து இரண்டு பெண்கள் ஈரக் கையைத் துடைத்தபடி வந்துகொண்டிருந்தார்கள்.