அக்காவுக்கு இரண்டாவது மூக்கு

சிலிகானில் மூக்கும் காதும் செய்து கொடுப்பது என் வேலை. புற்றுநோய் தின்ற முகங்களுக்கும் விபத்தில் காது போனவர்களுக்கும் என் மேசைதான் கதி. "போட்டோ அனுப்புறேன், கலர் பாத்து செஞ்சிடுங்க" என்று யாராவது சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆள் நேரில் வரவேண்டும். ஜன்னலோரம் உட்காரவேண்டும். கன்னத்தோடு ஒப்பிட்டுத்தான் நிறம் கலக்கவேண்டும்.

அக்காவுக்கு மட்டும் நானே அதை மீறினேன்.

மூக்கை அறுவை சிகிச்சையில் எடுத்தபோதுகூட, "இனிமே யார் விஷயத்துலயும் மூக்க நுழைக்க முடியாது" என்று சிரித்தவள் அவள். போன வருடம் நான் செய்து கொடுத்தது ஓரமெல்லாம் கிழிந்து, பசை பட்டுக் கறுத்துவிட்டது. பழைய அச்சு இருந்தது. எந்த நிறம் எத்தனை சொட்டு என்று எழுதிய சீட்டும் இருந்தது. சோர்ந்து கிடப்பவளை இரண்டு பஸ் மாற்றி அலைக்கழிப்பானேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய். புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவிவிட்டது, இனி சில மாதம்தான் என்று டாக்டர் என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார். பகல் வெளிச்சத்தில் அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

மூக்கு அருமையாக வந்தது. எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். அம்மா சமையலறையில் இருந்தாள். அக்கா தானே ஒட்டிக்கொண்டு, "கண்ணாடியக் குடு, உன் கைவரிசையப் பாக்கலாம்" என்றாள்.

ரொம்ப நேரம் பார்த்தாள். மூக்கு போன வருடத்து அக்காவுடையது. அதைச் சுற்றியிருந்த முகம் மஞ்சள். கொஞ்சம் கொஞ்சமாக ஏறியதால் தினமும் பார்ப்பவர்கள் கண்ணில் படாத மஞ்சள், பழைய நிறம் பக்கத்தில் வந்ததும் பளிச்சென்று தெரிந்தது.

"நீ கலர்ல தப்பு பண்ண மாட்டியேடி."

கண்ணாடியைத் திரும்ப வாங்கக் கை நீட்டினேன். அவள் விடவில்லை.

"எங்க பரவியிருக்கு?"

"கல்லீரல்ல."

"யார் யாருக்குத் தெரியும்?"

"எனக்கு மட்டும்தான்க்கா."

திட்டுவாள் என்று நினைத்தேன். அழவாவது செய்வாள் என்று நினைத்தேன். மூக்கை மெதுவாகப் பிரித்து என் கையில் வைத்தாள்.

"இதப் போட்டா அம்மா கண்டுபிடிச்சிடுவாங்க. மஞ்சளக் கூட்டிக் கொண்டா."

மறுநாள் நிறப் புட்டிகளோடு போனேன். கதவைச் சாத்திக்கொண்டு, அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்து மூக்கின் மேல் மஞ்சள் பூசினேன். அம்மா வந்து பார்த்துவிட்டு, "புதுசு நல்லாப் பொருந்துதே" என்றாள். அக்கா ஆமாம் என்று சிரித்தாள். நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

பத்து நாள் கழித்து அக்கா போன் செய்தாள்.

"மஞ்சள் பத்தலடி. வந்து இன்னும் கொஞ்சம் பூசிட்டுப் போ."