ஈக்கள் வாய்திறந்த ஆண்டு

அவ்வாண்டு அறுவடை முடிந்த மறு புதன்கிழமை முதல், ஈக்கள் உணவில் அமருமுன் தாம் எங்கிருந்து வருகின்றன என்பதைச் சொல்லத் தொடங்கின. குரல் மெலிது, சொல் தெளிவு. "பள்ளிக்கூடத்து வாத்தியாரு. ஓடைக்கரை. காலையில" என்று ஒரு விருந்தில் ஓர் ஈ சொல்ல, வாத்தியார் தட்டை விட்டு எழுந்தார், பக்கத்தில் இருந்தவர்களும் எழுந்தனர். ஆயினும் அதிகம் அடிபட்டது கொத்தனாரின் பெயரே. ஊரில் நாற்பத்தொரு கழிப்பறைகளைக் கட்டியவர் அவர். தம் வீட்டில் மழைக்கு ஒரு துளியும் ஒழுகாத அறை கழிப்பறை ஒன்றே என்பதால், அதைச் சிமென்ட் மூட்டைகளுக்கு ஒதுக்கிவிட்டு, தாமும் மனைவியும் விடியுமுன் வேலிப்புறம் போய்வந்தனர்.

"என்னக்கா, உங்க வீட்டுக்காரர் பேரு எங்க வீட்டு ஈ வாயிலகூட அடிபடுதே!" என்றாள் எதிர்வீட்டுக்காரி. கொத்தனார் மனைவியும் சிரித்தாள். சிரிப்பு அவளுக்கு அரிது. முதல் இரு பிள்ளைகளும் தவழும் பருவத்திலேயே வயிற்றுப்போக்கில் போயினர். அவள் கிணற்றைப் பழித்தாள், காற்றைப் பழித்தாள், இறைவனையும் ஒருநாள் பழித்து, மறுநாள் மன்னிப்புக் கேட்டாள். மூன்றாவது மகளுக்கு இப்போது ஏழு மாதம். தாய்ப்பாலோடு கஞ்சியும் ஊட்டத் தொடங்கிய வாரம் அது.

ஆறவைத்த கஞ்சிக் கிண்ணத்தின் விளிம்பில் ஓர் ஈ வந்து நின்றது. "இந்த வீட்டம்மா. வேலியோரம். இன்னைக்கு விடியக்காலை" என்றது.

அவள் கஞ்சியைக் கொட்டினாள். குழந்தையைத் தொட்டிலில் இட்டுவிட்டு, கழிப்பறையிலிருந்து முதல் மூட்டையை முற்றத்துக்கு இழுத்தாள்.

"ஏய், வானம் இருட்டிக்கிட்டு வருது! நனஞ்சா அத்தனையும் கல்லாயிடும்!" என்று ஓடிவந்தார் கொத்தனார்.

"கல்லாகட்டுங்க. மூணாவதும் மண்ணுக்குப் போக வேணாம்."

அவர் மூட்டையின் மறுமுனையைப் பிடித்தார். அன்றைய மழையில் பதினாறு மூட்டைகள் கல்லாயின. அவற்றைக் கழிப்பறைக்குப் படிகளாக அடுக்கினார். கதவருகே அவள் வாளி நீரும் சோப்பும் வைத்தாள்; கை கழுவாதவருக்கு, கழிப்பறையைக் கட்டியவரே ஆயினும், அடுப்படியில் இடமில்லை. பிற வீட்டாரும் தம் கழிப்பறைகளிலிருந்து விறகையும் கோழிகளையும் வெளியேற்றினர். ஈக்களுக்கு உள்ளூர்ச் செய்தி குறைந்துகொண்டே போயிற்று. மகள் தவழ்ந்தாள், நடந்தாள், முன்பிறந்தோர் எட்டாத வயதைத் தாண்டி, கஞ்சியைத் தானே அள்ளி உண்ணலானாள். ஒருநாள் அவள் கிண்ணத்தருகே ஓர் ஈ வந்து, "பக்கத்து ஊரு. ஆத்தங்கரை" என்றது.

"அங்கேயே போய்ச் சொல்லு" என்று தாய் கிண்ணத்தை மூடினாள்.