உதடு மட்டும்

முப்பத்திரண்டு வாய்கள் திறந்து மூடுகின்றன, ஒன்றிலிருந்தும் சத்தம் வரவில்லை, ஒத்திகை நடக்கும் வேதக்கோயிலுக்குள் மின்விசிறி சுற்றுவது மட்டும் கேட்கிறது, பாடகர் குழுவை நடத்தும் ஞானாபரணம் சாரின் கைகள் மேலே எழும்பி பெண்கள் கீழ்க்குரலில் பாடும் எங்கள் ஆல்டோ வரிசைக்கு மெல்ல இறங்குகின்றன, முன்பெல்லாம் கண்ணை மூடிக்கொண்டுதான் நடத்துவார், இப்போது எங்கள் உதடுகளையே பார்க்கிறார், கடைசி பெஞ்சில் சபையை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டிக்காரர்கள் மூன்று பேர் அவர் முதுகைப் பார்க்கிறார்கள், கீபோர்டின் சுவிட்சை அணைத்துவிட்டு ரெக்ஸ்லின் விரல்களை ஓட்டுகிறான், நான் தரையைப் பார்க்கிறேன். இவர்களுக்கு இப்படிப் பாடச் சொல்லிக்கொடுத்தது நான்தான். வாயை அசைத்தால் மட்டும் போதாது, வரிக்கு வரி மூச்சு இழுக்க வேண்டும், கழுத்து நரம்பு தெரிய வேண்டும், மேலே போகும்போது புருவம் தூக்க வேண்டும், எனக்கு இது நாலு வருடப் பழக்கம், பழக்கிவிட்டது அவர்.

பத்தொன்பது வயதில் பாடகர் குழுவில் சேர்ந்த முதல் சனிக்கிழமை, பாதிப் பாட்டில் கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்துகிறார், தலையைச் சாய்த்தபடி வரிசை வரிசையாக வந்து என் முன்னால் நிற்கிறார், அன்றைக்கு அவர் காதுக்கு எந்தப் பிசகும் தப்பாது, ஏட்டி, கர்த்தர் ஒனக்கு வேற ஏதாவது தாலந்து குடுத்திருப்பாரு, இங்க நிக்கணும்னா ஒதட்ட மட்டும் அசை, என்கிறார், எல்லோரும் சிரிக்கிறார்கள், என்னைக் கூட்டிவந்த அம்மாவும் சிரிக்கிறாள். நான் வெளியே போயிருக்கலாம், போகவில்லை, வெள்ளை அங்கி போட்டுக்கொள்ள அவ்வளவு ஆசை, எந்த ஞாயிற்றுக்கிழமையும் விடாமல் ஊமையாக நின்றேன்.

அவர் பெரிய ஆள்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன், பாட்டுக்காக ரயில்வே வேலையை விட்டவர், நற்செய்திக் கன்வென்ஷன் பந்தல்களில் ஆயிரக்கணக்கானவர்களை நாலு குரலாகப் பிரித்துப் பாடவைத்தவர், எங்கள் ஊர்க் கல்யாண வீட்டிலும் துக்க வீட்டிலும் அவர் மெட்டுதான், பழைய கேசட் அட்டையில் கறுப்பு மீசையோடு நிற்கிறார், சிரிக்கவில்லை. அவர் மனைவியின் அடக்க ஆராதனையில் டெனர் பாடும் ஆண்கள் ஓரிடத்தில் பிசகிவிட்டார்கள், பெட்டியை மூட வந்தவர்களைக் கைகாட்டி நிறுத்தி, அந்த வரியை மூன்று முறை திரும்பப் பாடவைத்தார், மூன்றாம் முறை சரியாக வந்ததும் ம், மூடுங்க, என்றார், மகள் அவரோடு பேசுவதை அன்றோடு விட்டுவிட்டாள்.

போன ஜூனில், மற்றவர்கள் வருவதற்கு முன், சுருதி பார்க்கும் இசைக்கவையை முழங்காலில் தட்டிக் காதருகே கொண்டுபோகாமல் அதன் காம்பைப் பல்லில் கடித்துக்கொண்டு நிற்கிறார், நான் பி.எஸ்சி. இயற்பியல், பல்லில் கடித்தால் எலும்பு வழியாக ஒலி போகும், அவருக்குக் காது கேட்கவில்லை என்று ஒரு நொடியில் புரிந்துவிட்டது. அவரும் என்னைப் பார்த்துவிட்டார். கிட்டே வந்து, ஏட்டி என்று கூப்பிடாமல், பிள்ளே, கோயில் நூற்றாண்டு ஆராதன முடியுத மட்டும் யார்ட்டயும் சொல்லிராத, அந்தப் பாட்ட மட்டும் நான் நடத்திருதேன், என்றார், அதற்காக அவர் புதிதாக எழுதிய பாட்டு அது, ஆறு மாதம் இருந்தது, நான் தலையாட்டினேன்.

தலையாட்டிய கழுத்தின் வலிகூடப் போயிருக்காது, மறுநாளே ரெக்ஸ்லினிடம் சொன்னேன். அவன் பாடகர் குழுவுக்கு அடுத்த தலைவராக ஆசைப்படுகிறவன், மற்றவர்களையும் கூட்டிவிட்டான். செவிட்டு வாத்தியாருக்கு ஊமக் கொயரு, கமிட்டி வந்து பாக்கட்டும், டிரெய்னிங் ஒன்ட்டதான் எடுக்கணும், என்றான். எல்லோரும் சிரித்தார்கள், நானும். அவன் வீட்டு மாடியில் நாலு நாள் சாயங்காலம் அவர்களுக்குப் பழக்கினேன், முப்பத்தொரு பேரும் என் வாயையே பார்த்தார்கள், இவ்வளவு சந்தோஷம் எனக்கு அந்த அங்கியில்கூடக் கிடைத்ததில்லை.

பாட்டு முடிகிறது, முடிந்ததாக நாங்கள் வாயை மூடுகிறோம், அவர் கைகள் அந்தரத்தில் கொஞ்ச நேரம் நின்று இறங்குகின்றன, டெனர், கடேசி வரி கொஞ்சம் ஓங்கிட்டு, அமுக்கிப் பாடுங்க, என்கிறார், யாரோ இருமுவதுபோல் சிரிக்கிறார்கள், கமிட்டிச் செயலாளர் நெற்றியைப் பிடித்துக்கொள்கிறார். சார் வரிசை வழியாக நடந்து வருகிறார், தலையைச் சாய்க்கவில்லை, என் முன்னால் நிற்கிறார், கண் நனைந்திருக்கிறது, சொன்ன சொல்லை நான் காப்பாற்றிவிட்டதாக அவர் நம்புகிறார். பிள்ளே, நாலு வருசம் ஒன் வாயக் கட்டிப் போட்டுட்டேன், நாளைலேருந்து சத்தமாப் பாடு, எவன் என்ன சொன்னாலும் நான் பாத்துக்கிடுதேன், என்கிறார். கடைசி பெஞ்சில் மூன்று பேரும் எழுந்துவிட்டார்கள், அவர் பார்க்கவில்லை, என் பதிலுக்காக நிற்கிறார், சரி சார், என்கிறேன், உதடு மட்டும்தான் அசைகிறது, சத்தம் வரவில்லை, நான் அடக்கவும் இல்லை, அவர் திருப்தியாகத் தலையாட்டுகிறார், ம், இப்பிடித்தான், என்கிறார்.