ஒன்பது விநாடி

என் ரெக்கார்டுகளைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் தட்டின் நடுவட்டத்தைத்தான் பார்க்கிறார்கள். பழைய சோல், பழைய ஹிப் ஹாப் இசைத்தட்டுகள் என்று தேடிச் சேர்க்கிறவர்களுக்கு லேபிள்தான் ஜாதகம். யார் பாடியது, எந்தக் கம்பெனி, எந்த வருடம் எல்லாம் அந்த உள்ளங்கை அகலக் காகிதத்தில் இருக்கும். என் பெட்டிகளில் பாதித் தட்டுகளுக்கு அது இல்லை. வெறும் கறுப்பு. ஏன் இப்படி என்று கேட்பார்கள். தொழில் அப்படி என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

உண்மையில் தொழில் அப்படித்தான் இருந்தது. ஒரு பாட்டில் பாடகியும் கிட்டாரும் ஒதுங்கிக்கொண்டு டிரம்ஸ் மட்டும் தனியாக ஒலிக்கும் சில விநாடிகள் வரும். நியூயார்க்கின் பிராங்க்ஸில் கூட்டம் ஆடியது அந்த விநாடிகளுக்குத்தான். அவை எந்தத் தட்டில் ஒளிந்திருக்கின்றன என்பது ஒன்றுதான் பார்க்கில் தட்டுப் போடும் டி.ஜே.க்களான எங்களுக்கு இருந்த சொத்து. எதிர்க் குழுவின் ஆட்கள் ஆடுகிற மாதிரி நெருங்கிவந்து, சுற்றும் தட்டின் பெயரைப் படிக்கக் கழுத்தை நீட்டுவார்கள். அதனால் நாங்கள் தட்டுகளைக் குளியல் தொட்டியில் வெந்நீரில் ஊறப்போட்டு லேபிளை உரித்துவிடுவோம். யாரும் அதைத் தவறு என்று நினைத்ததில்லை. நானும் நினைக்கவில்லை, 1979 ஜூன் வரை.

அதற்கு முந்தைய வருடம், எங்கள் வட்டாரமே பயந்த ஹோசியா பிராட் ஒரு தலையணை உறையைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்திருந்தான். உள்ளே ஒரு சின்னத் தட்டு. அவனுடைய அம்மா எர்லீன் இளம் வயதில் நியூவார்க்கில் யாரோ ஒருவருடைய கேரேஜில் பாடிப் பதிவு செய்தது. எத்தனை தட்டு அடித்தார்களோ தெரியாது, மிஞ்சியது இது ஒன்றுதான். அம்மா இறந்து ஏழு வருடம் ஆகியிருந்தது.

"மூணு வருஷம் போட்டிருக்காங்க. திங்கக்கிழமை உள்ள போறேன். இன்சூரன்ஸ் பணத்துக்கு ஓனருங்களே கட்டடத்தைக் கொளுத்துறாங்க, என் கட்டடம் எந்த வாரம் எரியும்னு யாருக்கும் தெரியாது. உன் கட்டடத்துல கீழ் வீட்ல போலீஸ்காரனோட மாமியார் இருக்கா, எரியாது. பத்திரமா வச்சிரு" என்றான்.

"வச்சிருக்கேன்ணே" என்றேன்.

ஹோசியாவிடம் வேறு பதில் சொன்னவர்களை நான் பார்த்ததில்லை. அவனைப் பற்றி ஒரு கார் கதவும் ஒருவனுடைய விரல்களும் வரும் கதை ஒன்று உண்டு. கதை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் அந்த ஆளை நான் முடிவெட்டும் கடையில் பார்த்திருக்கிறேன். சட்டைப் பொத்தானை இடது கையால் போட்டுக்கொண்டிருந்தான். வலது கையை மடியில், யாரோ அவனிடம் கொடுத்துவிட்டுப் போன பொருளைப் போல வைத்திருந்தான்.

இரண்டு மாதம் தட்டு உறைக்குள்ளேயே இருந்தது. பிறகு ஒரு நாள் வேலை இல்லாமல் ஊசியை அதன் நடுவில் எங்கோ வைத்தேன். டிரம்ஸ். ஒன்பது விநாடி. யாரோ ஆள் படிக்கட்டில் தடுக்கி விழுந்து, விழுந்த வேகத்திலேயே நடனமாக எழுந்துகொள்வது மாதிரி ஒரு தாளம். அடுத்த சனிக்கிழமை பார்க்கில் அதைப் போட்டேன். இரண்டு பிரதி இருந்தால் மாற்றி மாற்றி ஓட்டலாம்; ஒரே தட்டு என்பதால் ஒன்பது விநாடி முடிந்ததும் ஊசியைக் கையால் தூக்கி மறுபடி தொடக்கத்தில் வைப்பேன். மறுபடி. மறுபடி. கூட்டம் கத்தியது. எதிர்க் குழுவின் கோர்ட்னி என் தோளுக்குமேல் எட்டிப்பார்த்தான். அன்று சாயங்காலமே தொட்டியில் வெந்நீர் விட்டேன். மூன்று வருடம் நீண்ட காலம் என்று தோன்றியது.

பதினோரு மாதத்தில் வந்துவிட்டான்.

சலவைக்கடை வேலை முடிந்து வந்த என் அக்கா ஷார்மெய்ன் பையைக் கீழே வைக்காமலே சொன்னாள்.

"ஹோசியா வெளிய வந்துட்டான்டா லிண்டல். கோழிக்கடை வரிசையில எனக்கு முன்னாடி நின்னான்."

"ஏதாவது கேட்டானா?"

"'உன் தம்பி பார்க்ல பெரிய ஆளாமே. கையெல்லாம் நல்லா இருக்கா?'ன்னு கேட்டான்."

"வேற?"

"வெள்ளிக்கிழமை காலைல வர்றானாம். ஏன்டா மூஞ்சி இப்படிப் போகுது?"

தட்டை எடுத்துக் காட்டினேன். அவள் அதை விளிம்பில் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினாள்.

"உனக்குத் தினமும் ஸ்பூன்ல ஊட்டிவிட எனக்கு நேரம் இல்ல. இப்பவே சொல்லிட்டேன்" என்றாள்.

அவள்தான் யோசனையும் சொன்னாள். வேறொரு தட்டின் லேபிளைப் போல வட்டமாகக் காகிதம் வெட்டி ஒட்டிவிடலாம். ஆபீஸில் வேலை பார்க்கும் அவளுடைய தோழியிடம் டைப்ரைட்டர் இருந்தது.

"என்ன கலரு இருந்துச்சு?"

"பச்சை." சற்று யோசித்தேன். "இல்ல, மஞ்சள்."

"பாட்டுக்கு என்ன பேரு?"

நினைவில்லை. நினைவில்லை என்பதுகூடச் சரியில்லை. நான் படிக்கவே இல்லை. மற்றவர்கள் படித்துவிடக் கூடாதே என்ற அவசரத்தில் அதைத் தண்ணீருக்குள் அழுத்தியபோது, என் கண் எழுத்துகளின் மேல் போகவே இல்லை. கூழாகிப்போன காகிதத்தை வடிகுழியிலிருந்து விரலால் வழித்து எறிந்தது மட்டும் தெளிவாக நினைவிருந்தது.

இரண்டு நாள் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோப்பையைப் பிடிக்கும்போது, ஷூ கயிற்றைக் கட்டும்போது, இந்த விரல் இதைச் செய்கிறது, அந்த விரல் அதைச் செய்கிறது என்று எண்ணிக்கொண்டே இருந்தேன். ஊரைவிட்டு ஓடலாம் என்றால், ஓடியவனின் அக்கா இங்கே கோழிக்கடை வரிசையில் நிற்க வேண்டுமே.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ஹோசியா கதவைத் தட்டினான். இளைத்திருந்தான். கையில் ஒரு பெட்டி, உள்ளே சர்க்கரைவள்ளிக் கிழங்கை மாவில் வைத்துச் சுட்ட 'பை' பலகாரம். சமையலறை மேஜையில் உட்கார்ந்து, ஷார்மெய்ன் வெட்டிக் கொடுத்ததை ஒரு துணுக்கு மிச்சம் வைக்காமல் தின்றான். நாங்கள் தின்கிறோமா என்று பார்த்தான். தின்றோம்.

"கொடு" என்றான்.

கொடுத்தேன். தலையணை உறையை உருவினான். நடுவட்டத்தைப் பார்த்தான். திருப்பினான். மறுபக்கத்தையும் பார்த்தான். சுவரில் இருந்த தண்ணீர்க் குழாய் ஒருமுறை டக்கென்றது. நான் துள்ளிவிட்டேன். அவன் அசையவில்லை.

"போடு" என்றான்.

ஊசியைப் பழக்கத்தில் நடுவில் கொண்டுபோனேன்.

"முதல்லேருந்து."

முதலிலிருந்து வைத்தேன். அப்போதுதான் முதல்முறையாக எர்லீன் பிராட்டின் குரலைக் கேட்டேன். பதினோரு மாதம் அந்தத் தட்டை நான் வைத்திருந்தேன். அவர் பாடி நான் கேட்டதில்லை. கனமான குரல் இல்லை. அவசரமாக எங்கோ போக வேண்டியவள் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போகிற மாதிரி இருந்தது. சிறு கீறல்கூட இல்லாமல் சுத்தமாக ஒலித்தது. பிறகு டிரம்ஸ் வந்தது. ஒரே இரைச்சல். சூடான எண்ணெயில் எதையோ போட்டது மாதிரி. நான் ஊசியை வைத்து வைத்து அந்த இடத்தைத் தின்றிருந்தேன். வெளிச்சத்தில் பார்த்தால் தட்டின் அந்த ஒரு வளையம் மட்டும் சாம்பல் பூத்திருந்தது, குரல் இருந்த பகுதிகள் புதிதாகப் பளபளத்தன.

பாட்டு முடிந்தது. ஊசி உள்வட்டத்தில் தேய்ந்துகொண்டிருந்தது. தூக்கச் சொல்லி அவன் சொல்லாததால் நான் தூக்கவில்லை.

"இந்தப் பாட்டுக்கு என்ன பேரு?" என்றான்.

"தெரியாதுண்ணே."

"எனக்கும் தெரியாது. அதனாலதான் தட்டை வச்சிருந்தேன்." குரலை உயர்த்தவே இல்லை. "எங்கம்மா கல்லறையில கல்லு கிடையாது. வீட்ல இருந்த போட்டோ எல்லாம் கட்டடத்தோட போச்சு. அவ பேரு அச்சுல வந்தது இதுல மட்டும்தான். உள்ள இருக்கும்போது அந்தப் பேரை மனசுக்குள்ள படிச்சுக்கிட்டே இருப்பேன். பேரு நிக்கும். கீழ இருக்கிற பாட்டோட பேரு மட்டும் வராது. சரி, போய்ப் பார்த்துக்கலாம்னு இருந்தேன்."

அவன் பார்வை என் கைகளுக்கு வந்தது.

"கையை மேஜை மேல வை."

ஷார்மெய்ன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "ஹோசியா, இவன் முட்டாள். சின்ன வயசிலேருந்தே முட்டாள். இவனை அடிச்சு உனக்கு என்ன கிடைக்கப்போகுது?"

"நீ உட்காரு, ஷார்மெய்ன். கிழங்குப் பை நல்லா இருந்துச்சுன்னு யாரும் இன்னும் சொல்லல."

"நல்லா இருந்துச்சு" என்றாள் அவள் நின்றபடியே.

இரண்டு கைகளையும் மேஜைமேல் வைத்தேன். ஹோசியா என் விரல்களைக் கடையில் மீன் பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்தான். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வெளியே ஐஸ்கிரீம் வண்டியின் மணி ஒலித்து, தெருமுனை திரும்பி, மறைந்தது.

"நாளைக்குப் பார்க்ல போடு" என்றான். "மைக்ல முதல்ல அவ பேரைச் சொல்லு. அப்புறம் முழுப் பாட்டு. டிரம்ஸ் மட்டும் தனியா இல்ல. நான் வேலி ஓரம் நிப்பேன்."

"பேரைச் சொன்னா எல்லாருக்கும் தெரிஞ்சிடும்ணே" என்றேன். அந்த நிலைமையிலும் அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது.

"தெரியட்டும்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் பார்க்கலாம்" என்று எழுந்தான். தட்டை விட்டுவிட்டுப் போனான். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

சனிக்கிழமை மூன்று மணிக்கு விளக்குக் கம்பத்தின் அடிமூடியைத் திறந்து கரண்ட் இழுத்தோம். ஸ்பீக்கர்கள் உறுமின. இரண்டு மணி நேரம் மற்றதெல்லாம் போட்டேன். ஒவ்வொரு தட்டு மாற்றும்போதும் வேலியைப் பார்த்தேன். ஐந்து மணிக்கு அங்கே நின்றான். கோட் போட்டிருந்தான், அந்த வெயிலில்.

மைக்கை எடுத்தேன். "இது எர்லீன் பிராட்" என்றேன். குரல் உடைந்தது. "எர்லீன் பிராட் பாடினது."

"யாருடா அது, உன் கணக்கு டீச்சரா?" என்று கோர்ட்னி கத்தினான். சிரிப்பு.

ஊசியை முதல் வரியில் வைத்தேன். மெதுவான பாட்டு. ஆடிக்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். சிலர் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போனார்கள்.

"லிண்டல், ஆடக் கூப்பிட்டியா, அடக்கத்துக்குக் கூப்பிட்டியா?"

நான் ஊசியைத் தொடவில்லை. தொடாமல் இருப்பது அவ்வளவு கஷ்டம் என்று அதுவரை எனக்குத் தெரியாது. டிரம்ஸ் வந்தது, அந்த எண்ணெய்ச் சத்தத்தோடு. கோர்ட்னியின் முகம் மாறியது. அவனுக்கு அந்த ஒன்பது விநாடி தெரியும். மாதக்கணக்கில் அதன் பெயருக்காக அலைந்தவன். அவசரமாகப் பேனாவைத் தேடி எடுத்து, காகிதம் இல்லாமல், உள்ளங்கையில் எழுதிக்கொண்டான். "எர்லீன், இல்ல? பி-ரா-ட்?" என்று பக்கத்தில் இருந்தவனிடம் கேட்டான். அவனும் ஆமாம் என்று தன் கையில் எழுதினான். என் சொத்து கண்முன்னால் போனது. அதற்காக வருத்தப்படக்கூட எனக்கு அப்போது இடமில்லை.

குரல் திரும்பி வந்து, பாடி முடித்தது.

ஹோசியா வேலியை விட்டு நடந்து வந்தான். கூட்டம் தானாக வழிவிட்டது. வழியில் கோர்ட்னியின் மணிக்கட்டைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். கோர்ட்னி வெளிறிப்போனான். ஹோசியா ஒன்றும் சொல்லாமல் கையை விட்டுவிட்டு, நேராக என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றான்.

நான் என்னை அறியாமல் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்திருந்தேன். அவன் அதைப் பார்த்தான். சுற்றிக்கொண்டே இருந்த வெறும் கறுப்பு நடுவட்டத்தையும் பார்த்தான்.

"கையை வெளிய எடு" என்றான்.

எடுத்தேன்.

"பின்னாடி நிக்கிறவங்களுக்குப் பேரு சரியா கேக்கல. இன்னொரு தடவை சொல்லு."

மைக்கைப் பத்து விரல்களாலும் பிடித்துக்கொண்டேன்.