மாமி கேட்டது

கிண்ணியாவில் எங்கள் தெருவுக்கு வந்து என்னைப் பற்றி விசாரித்தால் ஒருவரும் ஒரு குறை சொல்ல மாட்டார்கள். பாரிசவாதம் வந்து வலப்பக்கமும் பேச்சும் போன என் மாமியாரை நான்கு மாதமாகத் தனி ஆளாகப் பார்த்தேன். முதுகில் ஒரு புண் இல்லை, தலையில் ஒரு பேன் இல்லை. "ஷிஃபானா, மருமகள் எண்டா உன்னைப் போல இருக்கோணும்" என்று வருகிறவர்கள் சொல்லிவிட்டுப் போவார்கள்.

எல்லாம் கழுவினேன். வாயை மட்டும் கழுவவில்லை.

அந்த வாய் ஏழு வருடமாக என்னை மலடி என்றது. கல்யாண வீட்டில் சொன்னது, என் கணவர் ஹஸ்மிக்கு முன்னால் நான் சோற்றுக் கோப்பையோடு நின்றபோதும் சொன்னது. அது பேச்சை நிறுத்தியதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒளிக்க மாட்டேன். கஞ்சியும், தேத்தண்ணியில் நனைத்த ரஸ்க்கும் ஊட்டுவேன், உதட்டை ஈரத் துணியால் துடைப்பேன். அதோடு சரி.

காலையில் மாமி இடக்கைச் சுட்டுவிரலைத் தூக்கி முன்பல்லில் இங்கும் அங்கும் தேய்த்துக் காட்டுவார். "வெத்திலை கேக்கிறா" என்பேன். முன்பு மாமி வெற்றிலை போட்டால் விரலால் சுண்ணாம்பைப் பல்லில் தேய்ப்பார்; இப்போது வெற்றிலை கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். எல்லாரும் சிரிப்பார்கள். மாமி விரலை இறக்கிவிடுவார்.

போன மாதம் மாமி சாப்பாட்டை நிறுத்தினார். கரண்டி உதட்டில் பட்டதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நாலாம் நாள், மூதூரில் கட்டிக்கொடுத்த மதினி நிப்லா பிள்ளைகளோடு வந்து இறங்கினாள்.

"உம்மாவுக்கு விளங்கிட்டுது. பயணத்துக்கு ஆயத்தமாகிறா" என்று அழுதாள். ஹஸ்மி துறைமுகத்தில் லீவு போட்டார். வீடு நிறையச் சனம். சாகக்கிடக்கிறவர்களுக்கு ஓதும் யாஸீனை ஓதினார்கள். நிப்லா பிரிட்ஜில் இருந்த மக்காவின் ஸம்ஸம் தண்ணீரை எடுத்து ஒரு கரண்டி மாமியின் வாயில் விட்டாள். மாமியின் கண்ணால் பொலபொலவென்று தண்ணீர் ஓடியது.

"சுப்ஹானல்லாஹ்! தவ்பா செய்றா, பாவமன்னிப்புக் கேக்கிறா" என்று சனம் விம்மியது.

நான் மாமியின் இடக்கையைப் பார்த்தேன். அது படுக்கை விரிப்பைச் சுருட்டிப் பிடித்திருந்தது. போன வருடம் என் கடைவாய்ப்பல் சொத்தையாகிக் குளிர்த் தண்ணீர் பட்டபோது நானும் அப்படித்தான் பிடித்தேன். மாமி சாகப்போகவில்லை. மாமிக்குப் பல்வலி.

உடனே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் வாயைத் திறந்து பார்ப்பார்கள், நான்கு மாதப் பெயரும் அந்த இடத்திலேயே போய்விடும். அன்று முழுக்க வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். மறுநாள் காலையில் நிப்லா, "செத்தவங்கட மையித்தைக் குளிப்பாட்டுற ஸல்ஹாவுக்கும் சொல்லி வைப்பம்" என்றதும் ஹஸ்மியைக் குசினி அடுப்படிக்குக் கூப்பிட்டேன்.

"உம்மாவுக்குப் பல்லுக் குத்து. வாயை நான் ஒரு நாளும் கழுவல்ல."

ஹஸ்மி போன் வெளிச்சத்தில் பார்த்தார். செயலற்ற வலக்கன்னத்துக்குள் பழைய ரஸ்க்கும் கஞ்சிச் சோறும் அப்பிக் கிடந்தன. பல் முரசு வீங்கிச் சீழ் கட்டியிருந்தது. நிப்லா வாயைப் பொத்திக்கொண்டு முற்றத்துக்கு ஓடினாள்.

டவுன் ஆஸ்பத்திரியில் இரண்டு பற்களைப் பிடுங்கினார்கள். பல் டொக்டர் ஒரு பொம்பிளை. "சாப்பிட்டு முடிய ஒவ்வொரு நேரமும் விரலில துணி சுத்திக் கன்னத்துக்குள்ள துடையுங்க. காலையும் ராவும் மெல்லமா பிரஷ் பண்ணுங்க. இன்னும் பிந்தியிருந்தா உயிருக்கே மோசம் வந்திருக்கும். ஆர் பாக்கிறது?"

"நான்தான்" என்றேன்.

மூன்றாம் நாள் வீட்டுக்குத் திரும்பி ஓட்டோவில் பாலம் தாண்டும்போது ஹஸ்மி கேட்டார்.

"உம்மா விரலால பல்லைத் தேச்சுக் காட்டுவா. வெத்திலை எண்டுதானே சொன்னனீ?"

"அப்பிடித்தான் நினைச்சன்."

மாமி என் தோளில் சாய்ந்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். பேச்சுத்தான் போனது, காது நன்றாகக் கேட்கும்.

அடுத்த நாள் காலை மெல்லிய பிரஷ்ஷில் பற்பசை வைத்து மாமியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். மாமி வாயை இறுக்கிக்கொண்டார். கெஞ்சினேன், அசையவில்லை. மத்தியானம், இரவு, மறுநாள் காலை, எல்லா நேரமும் அப்படியே. கழுவாவிட்டால் பழையபடி சீழ் கட்டும். நிப்லா மூதூருக்குப் போய்விட்டாள். ஹஸ்மி வேலைக்கு வெளிக்கிட்டு, சப்பாத்துப் போட்ட காலோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமி" என்றேன். "நீங்க வெத்திலை கேக்கல்ல. அஞ்சு வேளையும் தொழ முன்னம் மிஸ்வாக் குச்சியால பல்லுத் தீட்டின மனுசி நீங்க. பல்லைத் தீட்டிவிடச் சொல்லித்தான் கேட்டீங்க. எனக்கு முதல் நாளே விளங்கினது."

ஹஸ்மி வாசலில் கேட்டுக்கொண்டு நின்றார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மாமி வாயைத் திறந்தார்.