சாய்ந்த கோடும் சிவப்புத் தொப்பியும்

1

இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல. மதியம் இரண்டு மணிக்கு என் மனைவியின் தங்கை போனில் கேட்டாள்: "மாமா, நீங்க எழுத்தாளர்தானே? ஒரே ஒரு வரி எழுதித் தாங்க. நாலு மணிக்குள்ள வேணும்."

இருபது வருடமாக எழுதுகிறேன். என்னிடம் யாரும் ஒரு வரியைக்கூடக் கேட்டு வாங்கியதில்லை. பெருமை தாங்காமல் கதையே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2

தொடக்கம்: "கணினி யுகத்தின் இரும்புக் கோட்டைக்குள் ஒரு பெண், தன்னந்தனியாக..."

(மனைவி தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். "என்ன இரும்புக் கோட்டை? ஏசி ரூம்ல உட்கார்ந்திருக்கா. விஷயத்துக்கு வாங்க.")

விஷயம் இதுதான். அவள் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் தற்காலிக வேலையில் இருக்கிறாள். பலர் எழுதும் துண்டுகளை ஒன்றாகத் தைத்துச் செயலியாக்குவதற்கு அங்கே 'பில்டு' என்று பெயர். திங்கட்கிழமை காலை அது நின்றுவிட்டது. 'அப்படி ஒரு ஃபைல் இல்லை' என்றது பில்டை ஓட்டும் பொதுக் கணினியான சர்வர். ஃபைலோ கண்ணெதிரே குத்துக்கல்லாட்டம் இருந்தது.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. பில்டு நின்றால், கடைசியாகக் கைவைத்தவர் அது சரியாகும்வரை சிவப்புத் தொப்பி போட்டுக்கொள்ள வேண்டும். கடைசிக் கை இவளுடையது. மூன்று நாளாகத் தொப்பியோடுதான் சாப்பிடப் போகிறாள்.*

* விதியை வகுத்தவர் அங்குள்ள தலைமை வடிவமைப்பாளர். 'பொறுப்புணர்வுப் பண்பாடு' என்று அதற்கு நாற்பது நிமிட உரையும் வைத்திருக்கிறார்.

3

இந்தத் தலைமை வடிவமைப்பாளர் பாத்திரத்தில்தான் எனக்குச் சந்தேகம். தண்ணீர் குடிப்பதைக்கூடச் 'செயல்முறை' என்கிறவர். இவ்வளவு தோதான ஆளை வாசகர் நம்புவாரா? [கொஞ்சம் நல்லவராக்கலாம்: அவர் வீட்டில் ஒரு கிழட்டு நாய், அதற்கு அவரே... கைவிட்டேன்.]

இன்று மதியம் அவள் கோளாறைப் பிடித்துவிட்டாள். ஃபைலுக்குப் போகும் வழியை, ஒவ்வொரு ஃபோல்டருக்கும் நடுவே கோடு போட்டு எழுதுவார்கள். சில கணினிகளில் கோடு இப்படிச் சாயும்: \ . சர்வருக்கு இப்படிச் சாய வேண்டும்: / . ஞாயிறு மாலை ஒருவர் வீட்டில் உட்கார்ந்து, தன் மடிக்கணினியில் இருந்த வழியை அப்படியே பொது ஃபைலில் ஒட்டியிருக்கிறார். அவர் கணினியில் ஓடியது. சர்வரோ ஊர், தெரு, கதவு எண் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே ஆளின் பெயராகப் படித்து, "அப்படி யாருமில்லை" என்று கையை விரித்தது. ஞாயிறு சர்வருக்கும் விடுமுறை. திங்கள் காலை இவள் வேறெதையோ எழுதிச் சேர்த்த பிறகுதான் பில்டு ஓடப் பார்த்து நின்றது. பழி இவள் தலையில் விழுந்தது.

ஒட்டியவர் யார்? ஆமாம். அவரேதான்.

4

"கோட்டை மாத்திட்டேன் மாமா. எதை மாத்தினேன்னு ஒரு வரி குறிப்பு எழுதணும். எல்லாரும் படிப்பாங்க. என் வேலையை நிரந்தரமாக்குற காகிதத்துல நாலு மணிக்கு அவர்தான் கையெழுத்துப் போடணும்."

முதல் முயற்சி: "என் தவறு. திருத்திவிட்டேன்."

("மூணு நாள் தொப்பி போட்டது போதாதா?" இது மனைவி.)

இரண்டாவது: "பாதைகள் சீரமைக்கப்பட்டன." யார் கெடுத்தார்? ஒருவருமில்லை. கோடு தானாகச் சாய்ந்து தானாக நிமிர்ந்தது. எல்லா அலுவலகமும் நிம்மதியாகத் தூங்குவது இந்த வாக்கியத்தின் மேல்தான்.

("அப்ப தொப்பி?")

மூன்றாவது: "அகந்தை எப்பக்கம் சாய்ந்தாலும் காலத்தின் சர்வர் அதை..."

("உங்களுக்கும் ஒரு தொப்பி வாங்கணும்.")

5

மூன்று ஐம்பதுக்கு மறுபடி போன்.

"மாமா, வரி என்னாச்சு?"

"மூணு பக்கம் ஆயிடுச்சும்மா. முடிவுதான் இன்னும்..."

"விடுங்க. நானே எழுதி அனுப்பிட்டேன்."

"என்னன்னு?"

"'ஞாயிறு மாலை ஒட்டிய வழியில் கோடு தவறு. மாற்றினேன். விதிப்படி தொப்பியை உரியவர் மேசையில் வைத்துவிட்டேன்.' பில்டு ஓடிடுச்சு மாமா. அவர் கூப்பிடுறாரு, போறேன்."

என் மூன்று பக்கத்தில் இப்படி ஒரு வரி இல்லை.

6

மணி நான்கு. அவர் மேசையில் ஒரு காகிதம், ஒரு பேனா, ஒரு சிவப்புத் தொப்பி. மூன்று நாள் அமுங்கிக் கிடந்த முடியைக் கோதிக்கொண்டு அவள் எதிரே நிற்கிறாள். அவர் கையை நீட்டுகிறார்.

("எதை எடுத்தாரு?")

தெரியாது. போன் இன்னும் வரவில்லை. என்னால் இதற்கு மேல் ஆகாது, மிச்சத்தை நீங்கள் எழுதிச் சேர்த்துவிடுங்கள். ஆனால் ஒன்று. இனி இந்தக் கதை நின்றுபோனால், கடைசியாகக் கைவைத்தவர் நீங்கள்தான்.